கேள்வி நேரம்: நாற்பது நிமிடத்துக்குள் நாலு பக்கம்

மகளுக்கு உயர்தரம் முடிந்துவிட்டது. ஆசிரியையாக வரவேண்டும் என்கிறாள். வவுனியா கல்வியியற் கல்லூரியில் எத்தனை வருடம்?
– தாய் ஒருவர், கனகராயன்குளம்

மூன்று. முதல் இரண்டு வருடமும் கல்லூரியிலே தங்கிப் படிப்பு. மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது வகுப்பெடுத்துப் பழகுவது. விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். எந்தப் பாடநெறிக்கு எந்தத் தகைமை என்பது அதிலேயே இருக்கும், முழுதும் வாசித்துவிட்டு நிரப்புங்கள்.

கட்டுறு பயில்வில் இருக்கிறேன். பாடக்குறிப்பு நாலு பக்கம் எழுதுகிறேன். 40 நிமிடத்தில் பாதிகூட முடிவதில்லை.
– ஆசிரிய மாணவி, ஒட்டுசுட்டான்

நாலு பக்கத்திலும் நீங்கள் சொல்லப்போவதைத்தான் எழுதியிருப்பீர்கள். பிள்ளை என்ன செய்யும், எங்கே பிழைவிடும் என்பதற்கு அதில் இடமிராது. மூன்றாம் தரத்தில் 42 − 17 கொடுத்துப் பாருங்கள், சிலர் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு இல்லை. 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டார்கள். இந்த 35ஐ முதலே குறிப்பில் எழுதிவைத்தால் பாடத்தில் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பிழையைத் திருத்த ஈர்க்கு எடுங்கள். விரல் நீளத்துக்கு முறித்தால் ஒன்றில் ஐந்து துண்டு வரும். குழுவுக்கு 42 வீதம் ஐந்து குழுவுக்கு 210 துண்டு வேண்டும், நாற்பத்தைந்து ஈர்க்கு தாராளம். பத்துப் பத்தாக ரப்பர் பட்டி போட்டு முதல்நாளே கட்டிவையுங்கள். வகுப்பில் எண்ணவிட்டால் கால்மணி நேரம் அதிலேயே போய்விடும். குழுவுக்கு நாலு கட்டு, இரண்டு உதிரி. "ஏழு துண்டை எடு" என்றால் பிள்ளை உதிரி இரண்டையும் எடுத்துவிட்டு, "காணாது மிஸ்" என்னும். அப்போது ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து, ஒரு கட்டுப் போக இரண்டு: 25. "கடன் வாங்கு" என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லலாம். முதலே சொன்னால் இலக்கத்தை வெட்டப் பழகுமே தவிர, எதை அவிழ்த்தோம் என்று பிள்ளைக்குத் தெரியாது.

நேரம்: நுழைவு 5, ஈர்க்கு 15, கொப்பி 12, திருத்தம் 5. மிச்சம் 3 நிமிடத்தை வெறுமையாக விடுங்கள், அது எப்படியும் போய்விடும். குறிப்பு ஒன்றரைப் பக்கத்துக்குள் நிற்கும்.

மூன்றாம், நான்காம் தரம் ஒரே மண்டபத்தில். இரண்டு குறிப்பு எழுதி முடியவில்லை.
– பயிலுநர் ஆசிரியர், துணுக்காய்

வன்னியின் சின்னப் பள்ளிக்கூடங்களில் இது புதிதல்ல. தலைப்பை ஒன்றாக்குங்கள்: மூன்றுக்கு 42 − 17, நான்குக்கு 342 − 117. முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து, பிறகு ஒரு தரத்துக்கு நீங்கள், மற்றத் தரத்துக்கு அட்டையில் எழுதிய வேலை. பத்து நிமிடத்தில் மாற்றுங்கள்.

பெரும்பாலும் குழம்புவது அட்டையால்தான். நாலு கணக்குப் போட்டால் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு உங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள். பத்துக் கணக்கு போடுங்கள், கடைசி இரண்டும் அவர்களே உருவாக்கும் கணக்காக இருக்கட்டும். விடையை அட்டையின் பின்புறம் எழுதுங்கள். கரும்பலகை இரண்டிருந்தால் எதிரெதிர்ச் சுவரில் வைத்து, பிள்ளைகளை முதுகுக்கு முதுகு இருத்துங்கள்.

கேள்வி கேட்டால் அதே இரண்டு பிள்ளைகள்தான் கை உயர்த்துகிறார்கள்.
– ஆசிரிய மாணவர், நெடுங்கேணி

கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார்; மூன்று செக்கன் விட்டபோது விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. பெயரைக் கேள்விக்குப் பிறகு சொல்லுங்கள். முதலே சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.