ஊதா ஏன் பழுப்பானது? கடைசல் மரங்களின் நிறம் பற்றிக் கேள்வி பதில்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்தில் லேத் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஓட்டிக் காட்டியபோது, கிண்ணத்தை எப்படிக் கடைவது என்று கேட்டவர்களைவிட, கடைந்த கிண்ணம் ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டவர்களே அதிகம். அன்றைக்கு நேரம் போதவில்லை. அப்புறம் எழுதிக் கேட்டவர்களையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

பொங்கோலிலிருந்து ஒருவர்: அண்ணே, பர்ப்பிள்ஹார்ட் கிண்ணம் ஒன்றை ஆசையாக வாங்கினேன். கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இரண்டே வருடத்தில் சாதாரண மரம் மாதிரி பழுப்பாகிவிட்டது. சாயம் பூசி விற்றுவிட்டார்களா?

இல்லை தம்பி, அந்த ஊதா மரத்தின் சொந்த நிறம்தான். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளரும் மரம் அது. ஆனால் கடையும்போது பார்த்தால் ஊதாவே இருக்காது. உளி பட்டுச் சுருள் சுருளாக விழும் சீவலும், உள்ளே தெரியும் மரமும் சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்ட பிறகே ஊதா ஏறும்.

ஒருமுறை கடைந்து முடித்த மூடி ஒன்றை ஜன்னலோரம் வைத்தேன். அதன்மேல் ஓர் ஐம்பது காசு நாணயம் கிடந்ததைக் கவனிக்கவில்லை. சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் நல்ல ஊதா, நடுவில் நாணயத்தின் வட்டம் மட்டும் அச்சடித்த மாதிரி சாம்பலாக நின்றது. வெளிச்சம் என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மரத்தின் வைரப் பகுதியில் தேங்கியிருக்கும் இயற்கைச் சேர்மங்கள் மாறுவதால் வரும் நிறம் இது. அதே வெளிச்சம் தொடர்ந்து பட்டால், அந்தச் சேர்மங்கள் மேலும் சிதைந்து பழுப்புக்குப் போகும். அதாவது ஊதா நடுவழியில் வரும் ஒரு நிறுத்தம். உங்கள் கிண்ணம் அதைத் தாண்டிவிட்டது.

திரும்பக் கொண்டுவரலாம். மாற்றம் மேல்தோலில்தான் இருக்கிறது. பழைய பூச்சை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் மெல்லிய ஒரு படலத்தைத் தேய்த்து எடுங்கள். மறுபடி சாம்பல் நிறம் தெரியும். பதறாமல் வெளிச்சத்தில் சில நாள் வையுங்கள், தினமும் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். ஊதா நிறைந்ததும் பூச்சு அடித்து, வெயில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுப்பில் சூடாக்கியும் ஊதா ஏற்றுகிறார்கள். மெல்லிய கிண்ணத்தில் அதைச் செய்ய வேண்டாம், விரிசல் விடும்.

ஈசூனிலிருந்து: குளிர்நாட்டு நண்பரிடம் இருக்கும் அதே மரம் இவ்வளவு சீக்கிரம் மாறவில்லையே?

நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒரு பாகையில் இருக்கிறோம். மேகமில்லாத நாளின் நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு, அதாவது வெயிலில் வரும் புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண், 11ஐத் தாண்டுவது சாதாரணம். ஜன்னல் மூடித்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், மீதி உள்ளே வரும். வெளிச்சத்தின் நீலப் பகுதிகூட மரத்தை மாற்றும். வீவக அடுக்குமாடி வீட்டில் மாலை வெயில் அடிக்கும் கூடம் என்றால், எதிர்ச்சுவரை விட்டுவிட்டு ஜன்னல் இருக்கும் சுவரிலேயே அலமாரியை வையுங்கள். நேர் வெயில் அங்கே படாது.

தெம்பினிஸிலிருந்து ஓர் அக்கா: படாக் என்ற செம்மஞ்சள் மரத்தில் செய்த தட்டில் குத்துவிளக்கு வைத்திருந்தேன். விளக்கை எடுத்தால் அடியில் செம்மஞ்சளாக ஒரு வட்டம். போகுமா?

போகும் அக்கா. விளக்குக்கு அடியில் இருப்பதுதான் தட்டின் பழைய நிறம். மற்ற இடம் கறுத்துவிட்டது. தட்டை வெறுமனே வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால், அந்த வட்டமும் கறுத்துச் சேர்ந்துகொள்ளும். இனி அவ்வப்போது விளக்கை நகர்த்தி வையுங்கள். படாக் கடைசியில் கரும்பழுப்பாகத்தான் நிற்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

உட்லண்ட்ஸ், கடைசல் கற்றுக்கொள்பவர்: படாக்கையும் மேப்பிளையும் ஒட்டிக் கடைந்தேன். மேப்பிள் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது.

அது படாக் தூள். உப்புத்தாள் போட்டால் அந்தச் சிவப்புத் தூள் வெள்ளை மரத்தின் துளைகளில் இறங்கிவிடும். கூர்மையான உளியால் கடைசி இழைப்பு முடித்து, தேய்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூளைத் துணியால் துடைக்காமல் காற்றடித்து ஊதுங்கள். இன்னொன்று, இந்தச் சிவப்பு ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் ஆல்கஹாலில் கரைத்த அரக்குப் பூச்சான ஷெல்லாக்கைத் துணியில் தொட்டு இழுத்தால் நிறம் ஓடும். தண்ணீர் கலந்த பூச்சை மெல்லியதாக அடியுங்கள்.

ஜூரோங்: நிறம் மாறவே மாறாத பூச்சு எது?

கிடையாது. புற ஊதாவை உறிஞ்சும் பூச்சு மாற்றத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மெழுகு அதைக்கூடச் செய்யாது. எண்ணெய் சார்ந்த வார்னிஷ் தானே மஞ்சளாகும், ஊதா மரத்தின்மேல் அது இன்னும் சீக்கிரம் பழுப்பைக் காட்டும்.

தேக்கா பக்கம் வசிக்கும் ஒரு மாணவி: அங்கிள், பாட்டியின் மரப்பாச்சி பொம்மைகள் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டன. தேய்த்துச் சிவப்பாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்மா. மரப்பாச்சி பெரும்பாலும் செஞ்சந்தனம். படாக்கும் வேங்கையும் நம் சாலையோர அங்சானாவும் அதன் சொந்தக்காரர்கள். செதுக்கியபோது ரத்தச் சிவப்பாக இருந்து, பிறகு கறுத்திருக்கும். அந்தக் கறுப்பில் வெளிச்சம் மட்டும் இல்லை, எத்தனை கொலுவில் எத்தனை பேர் எடுத்து வைத்த கை இருக்கிறது! முகத்தின் செதுக்கல் ஏற்கெனவே மழுங்கியிருக்கும். தேய்த்தால் மூக்கும் கண்ணும் போய்விடும். கைச் சுத்திகரிப்பு நீர், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது, நிறம் கழன்று வரும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

சிமேய்: அப்படியானால் வயதாக ஆக அழகாகும் மரம் எது?

பலாவைச் சொல்வேன். மிருதங்கம், வீணையெல்லாம் செய்யும் மரம். கடையும்போது மஞ்சள் கிழங்கு மாதிரி இருக்கும். வருடங்கள் போகப் போகத் தேன் நிறமாகி, செம்பழுப்பில் நிற்கும். தேக்கும் அப்படித்தான். புதிதாக அறுத்தால் பச்சையும் கறையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டதும் பொன்பழுப்பாக ஒன்றாகிவிடும். மஹோகனி ஆழமாகும். வால்நட் மட்டும் எதிர்த்திசை, காலம் போகப் போக வெளுக்கும்.

ஒரு துண்டைப் பாதி கறுப்புத் தாளால் சுற்றி, மீதியைத் திறந்தபடி ஜன்னலோரம் வைப்பது என் வழக்கம். வைத்த தேதியைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுவேன். அந்தத் துண்டுகள் உள்ள பெட்டியை அடுத்த முறை கொண்டுவருகிறேன். தாளைப் பிரித்து இரண்டு பாதியையும் பாருங்கள். வெளிச்சம் பட்ட பாதி உங்களுக்குப் பிடித்தால் மட்டும் அந்த மரத்தை வாங்குங்கள்.