பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன் ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பில் 500-க்கு 431 மதிப்பெண் பெற்றிருக்கும் உங்கள் மகளை, அவள் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவரும் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே பிளஸ் ஒன் சேர்ப்பதா, நகையை அடகு வைத்தாவது நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்களை அச்சுறுத்துவது அரசுப் பள்ளியின் தேர்ச்சி சதவீதமான 87.5 என்ற எண். நீங்களே எழுதியபடி, சென்ற முறை அந்தப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியவர்கள் 40 பேர். அவர்களில் 35 பேர் தேர்ச்சி. அதாவது ஐந்து பிள்ளைகள் தோற்றதைத்தான் அந்த எண் சொல்கிறது. மற்ற 35 பேர் எப்படிப் படித்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. தனியார் பள்ளி பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கலாம். அரசுப் பள்ளியோ ஊரில் படிக்க வரும் எல்லோருக்கும் இடம் தர வேண்டியது. போதாக்குறைக்கு, பத்தாம் வகுப்பில் நன்றாக எழுதிய பிள்ளைகளில் பலர் உங்களைப் போன்ற பெற்றோரின் அச்சத்தாலேயே வெளியேறிவிடுகிறார்கள். எஞ்சியவர்களை வைத்துத்தான் அந்தப் பள்ளியின் சதவீதம் கணக்கிடப்படுகிறது. 2025-இல் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளுடையது 91.94. அதே தேர்வில் மாணவியர் 96.70 சதவீதமும் மாணவர்கள் 93.16 சதவீதமும் தேறினார்கள். ஆகவே இருபாலர் படிக்கும் உங்கள் ஊர்ப் பள்ளியை, பக்கத்து ஊர் மகளிர் பள்ளியோடு ஒப்பிடுவதுகூடச் சரியான கணக்கல்ல. அந்த ஆண்டு 98.82 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது, பெருநகரம் ஏதுமில்லாத அரியலூர் மாவட்டம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஓர் அரசுப் பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவர் என் முன்னால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டியது இன்றும் நினைவில் நிற்கிறது. ஒரு மாணவனின் பெயருக்கு நேரே, திங்கள்கிழமைகளில் மட்டும் வருகைக் குறி இல்லை. அன்று சந்தை, அப்பாவோடு மூட்டை இறக்கப் போய்விடுவான் என்றார். அவன் கணக்கில் தோற்றான். அதே வகுப்பில் படித்த, செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் மகள், கணக்கில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தாள். இருவருக்கும் பாடம் நடத்தியவர் ஒரே ஆசிரியர்தான். பிள்ளைகளின் வீட்டுநிலையைத் தெரிந்துகொள்ளாமல் தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஆசிரியரை எடைபோடுவது எனக்குச் சம்மதமில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் படித்துச் சேர்த்த இந்தத் தகுதியை, கடைசி இரண்டு ஆண்டுகளுக்காகத் தனியார் பள்ளிக்கு மாறி இழந்துவிடாதீர்கள். அங்கே கட்டணம் கட்டி முடித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அப்போது எவராலும் எதுவும் செய்ய இயலாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. பள்ளிக்கு நேரில் சென்று, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றுக்கு முதுகலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா, பணியிடம் ஏதாவது காலியா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சென்ற ஆண்டு அறிவியல் பிரிவு மாணவர்களின் மதிப்பெண்களில் எழுத்துத் தேர்வின் பங்கைத் தனியே பாருங்கள். இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்பதால், மொத்தம் 75 எடுத்த பிள்ளைக்கு எழுத்துத் தேர்வில் 45 மட்டுமே கிடைத்திருக்கக் கூடும். பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசை மதிப்பெண்ணான கட்-ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 என்பதால், பின்னால் தரவரிசையில் வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் அந்த எழுத்துத் தேர்வுதான். ஆய்வகத்தில் பிள்ளைகள் தாங்களே கருவியைக் கையாளுகிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இயற்பியல் ஆசிரியர் பணியிடம் நெடுநாளாகக் காலியாக இருந்தால், பேருந்தில் போய்வரக்கூடிய இன்னோர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேருங்கள். ஒதுக்கீட்டுத் தகுதி போகாது. எதுவானாலும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எப்படி வழங்கப்படும் என்பதை மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பிரிவு என்பதை அவள் வாயால் சொல்லட்டும்.