கேட்டு வாங்குங்கள்: எஃப்எம் சிந்தசைசர் கேள்விகள்

கேள்வி: பல வருடமாக அனலாக் சிந்தசைசர்தான் வாசிக்கிறேன். ஃபில்டரைத் திருகியே பழகிய கை. இப்போது எஃப்எம் ஓசைகளைத் தோண்டிப் பார்க்க ஆசை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அலுத்துவிட்டது. கோர்க் ஆப்சிக்ஸ், யமஹா ரெஃபேஸ் டிஎக்ஸ், எலெக்ட்ரான் டிஜிடோன், இந்த மூன்றில் எது?

பதில்: ஆப்சிக்ஸ். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். காரணம் வேண்டுபவர்கள் உட்காருங்கள்.

அனலாக்கில் ஓசை முதலிலேயே செழிப்பாக இருக்கும், ஃபில்டர் அதைச் சீவிக் குறைக்கும். எஃப்எம்மில், அதாவது ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் அசைக்கும் முறையில், சீவ ஒன்றும் இருக்காது. வெறும் சைன் அலையில் தொடங்குவீர்கள். அதை இன்னொரு சைன் அலை உலுக்கும்போதுதான் நிறம் ஏறுகிறது. காதில் விழுவது கேரியர், உலுக்குவது மாடுலேட்டர். உலுக்கலைக் கூட்டக் கூட்ட ஓசை பளிச்சென்று ஆகும். இரண்டின் அதிர்வெண்ணும் முழு எண் விகிதத்தில் இருந்தால் சுருதி கலையாது. மாடுலேட்டரை 1.41-இலோ 3.5-இலோ வைத்தால் மணியும் உலோகத் தட்டும் கேட்கும். 1967-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டது இதைத்தான்.

ஆகவே உங்கள் விரலுக்கு எட்ட வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு ஆபரேட்டரின் (கேரியராகவோ மாடுலேட்டராகவோ வேலை செய்யும் ஒரு சைன் அலை) விகிதம், ஒவ்வொன்றின் அளவு. ஆப்சிக்ஸில் ஆறு ஆபரேட்டருக்கும் தனித்தனியாக விகிதத்துக்கு ஒரு குமிழ், அளவுக்கு ஒரு ஸ்லைடர். எது கேரியர், எது மாடுலேட்டர் என்பதை விளக்கின் நிறமே சொல்லிவிடும். இடது கையால் ஒரு கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரு மாடுலேட்டர் ஸ்லைடரை மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். புல்லாங்குழல் மாதிரி இருந்தது பித்தளை வாத்தியமாகி, கடைசியில் கிழிந்த தகரமாகும். எஃப்எம் புரிய அந்த ஒரு நிமிடம் போதும்.

ரெஃபேஸ் டிஎக்ஸும் மோசமில்லை. நான்கு ஆபரேட்டர், நான்கு தொடுபட்டை, எட்டுக் குரல் (ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம்), பேட்டரியிலும் ஓடும், ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அளவு, விகிதம், ஃபீட்பேக் எல்லாவற்றையும் அதே நான்கு பட்டைகள்தான் மாறி மாறிப் பார்த்துக்கொள்கின்றன. கீகளும் மினி அளவு. பெரிய விரல்காரர் என்றால் வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். டிஜிடோன், ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சரோடு பிறந்தது. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஓசையை மாற்றித் தாளம் கட்டுபவருக்கு அதற்கு நிகரில்லை. நீங்கள் கீ அழுத்தி வாசிப்பவர் என்று தெரிகிறது, அதனால் உங்களுக்கு அது வேண்டாம்.

கேள்வி: 6 ஆபரேட்டர் இருப்பது 4 ஆபரேட்டரைவிட ஒன்றரை மடங்கு நல்லதுதானே?

பதில்: இல்லை.

கேள்வி: ‘கைக்கு நேரடி, 8 குமிழ்’ என்று விளம்பரம் செய்த ஒரு எஃப்எம் சிந்தசைசர் வாங்கினேன் (பெயரை வெட்டிவிட்டேன் – பதில் எழுதுபவர்). எட்டில் மூன்று: வால்யூம், ரிவர்ப் (கூடத்தில் ஒலிப்பது போன்ற எதிரொலி), டிலே. மீதி ஐந்தும் மெனுவில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு ஏற்ப வேலை செய்கின்றன. ஒரு ஆபரேட்டரின் விகிதத்தை மாற்ற நான்கு முறை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது. நான் ஏமாந்தேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல், கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

1983-இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது அதன் முகப்பில் குமிழே கிடையாது. தட்டையான பட்டன்கள், மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர், சின்னத் திரை. ஒரு ஓசைக்கு 140-க்கும் மேற்பட்ட அமைப்புகள், ஒரு நேரத்தில் கண்ணில் படுவது ஒன்று. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ப்ரீசெட்டோடு, அதாவது தயாராக வரும் ஓசைகளோடு, நின்றுவிட்டார்கள். ‘எஃப்எம் கஷ்டம்’ என்ற பேச்சு அங்கே கிளம்பியதுதான். கஷ்டம் கணக்கில் இல்லை, முகப்பில்தான் இருந்தது. நாற்பது வருடம் கழித்து அதே மெனுவின் மேல் எட்டுக் குமிழை ஒட்டி ‘நேரடி’ என்று விற்கிறார்கள். குமிழை எண்ணி விலை போடுகிறவனுக்கு அது என்ன செய்கிறது என்று சொல்ல மட்டும் இடம் போதவில்லையாம்!

ஆகவே கடையில் நின்றோ விற்பவரின் வீடியோவிலோ இதைச் சோதியுங்கள். ஒரு கீயைப் பிடித்தபடி, மெனுவுக்குள் போகாமல், ஒரு மாடுலேட்டரின் அளவை மாற்ற முடிகிறதா? அதே மாடுலேட்டரின் விகிதத்தை? அதன் என்வலப் (கீ அழுத்தியதும் அளவு ஏறி இறங்கும் வடிவம்) எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை? மூன்றில் குறைந்தது இரண்டு முடிந்தால்தான் அது நேரடி. ரிவர்பை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள். ரிவர்பில் ஊறினால் எந்த மணியும் கோயில் மணிதான். இன்னொன்று: ப்ரீசெட்டை மாற்றிய பிறகு ஸ்லைடர் நிற்கும் இடமும் உள்ளே பதிந்த மதிப்பும் ஒத்துப்போகாது. தொட்ட கணத்தில் ஓசை தாவுகிறதா, மதிப்பைப் பிடிக்கும்வரை காத்திருக்கிறதா, அதை மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விற்பவர் விழித்தால், அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

உங்கள் விஷயத்தில், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லை என்றால் இன்றே எழுதுங்கள். விளம்பரப் படத்தையும் அந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: கோர்க் வோல்கா எஃப்எம் வாங்கினேன். நான்கு விரலில் கார்ட் வாசித்தால் ஒரு ஸ்வரம் காணாமல் போகிறது. வெளிக் கீபோர்டில் அழுத்தி வாசித்தாலும் மெதுவாக வாசித்தாலும் ஒரே சத்தம். பழுதா?

பதில்: பழுதில்லை, படிக்கவில்லை. 2016-இல் வந்த அந்தப் பெட்டிக்கு மூன்றே குரல். வெளிக் கீபோர்டின் அழுத்தத்தையும் அது கண்டுகொள்ளாது. 2022-இல் வந்த எஃப்எம்2-இல் இரண்டையும் சரிசெய்து ஆறு குரலாக்கினார்கள். விவரப் பட்டியலில் ஒரு வரி இது. பணத்தை எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் பாதி போதும் அதைப் படிக்க. போகட்டும், வாங்கியது வீணில்லை. டிஎக்ஸ்7 ஓசைகளை ஏற்றலாம், மாடுலேட்டர், கேரியர் இரண்டுக்கும் அட்டாக் (ஏறும் வேகம்), டிகே (இறங்கும் வேகம்) குமிழ்கள் முகப்பிலேயே இருக்கின்றன. பேஸ் ஒன்று போடுங்கள், மூன்று குரல் தாராளம்.

கேள்வி: பழைய டிஎக்ஸ்7 ஒன்றை ‘உள்ளே அபூர்வ ஓசைகள் 32’ என்று சொல்லி விற்றார்கள். வீட்டில் போட்டால் பெயர்களுக்குப் பதில் குப்பை எழுத்துகள், ஓசையும் இரைச்சல். விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. விற்றவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நினைவகத்தைத் தாங்கும் பேட்டரி தீர்ந்திருக்கிறது. முதல் டிஎக்ஸ்7-இல் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றி மாட்டும் ரகமில்லை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, அந்த இடத்தில் ஒரு பேட்டரி ஹோல்டரே வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்களே மாற்றலாம். பிறகு மெமரி புரொடெக்டை அணைத்து, மிடி (இசைக் கருவிகளையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் வழி) வழியாக 32 ஓசைகள் கொண்ட ஒரு கோப்பை அனுப்பினால் பிறந்த நாள் நிலைக்கு வந்துவிடும். ‘அபூர்வம்’ போனது போனதுதான், பெரும்பாலும் அப்படி ஒன்று இருந்திருக்கவே இருக்காது.

பழைய சாமான் விற்பவரின் வாக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ரேக்கில் மாட்டும் பழைய எஃப்எம் பெட்டி ஒன்றை, ‘எடிட்டர் மென்பொருள் கூடவே வரும்’ என்ற பேச்சை நம்பி வாங்கினேன். வந்தது ஃபிளாப்பி. இன்றுவரை அதில் ஒரே ஒரு பேஸ் ஓசைதான் வாசிக்கிறேன்.

கேள்வி: டெக்செட் என்ற எஃப்எம் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்து எதற்கு இந்தப் பெட்டிகள்?

பதில்: நல்ல கேள்வி, பலர் கேட்கத் தவறுவது. அது டிஎக்ஸ்7-இன் ஆறு ஆபரேட்டரையும் 32 அல்காரிதத்தையும் (எந்த ஆபரேட்டர் எதை உலுக்கும் என்ற இணைப்பு முறை) அப்படியே திரையில் விரிக்கிறது. முதலில் அதில் இரண்டு ஆபரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணையுங்கள். மாடுலேட்டரின் அளவு 99 வரை போகும், 50-ஐத் தாண்டும்வரை பெரிதாக ஒன்றும் கேட்காது, அதற்குமேல் ஒவ்வொரு படியும் கேட்கும். இந்த விளையாட்டு ஒரு வாரத்தில் சலித்தால் பெட்டியும் சலிக்கும். மவுஸ் மட்டும்தான் சலிக்கிறது என்றால் மேலே முதல் பதிலுக்குப் போங்கள்.

கேள்வி: ‘வேறெங்கும் கிடைக்காத 1024 எஃப்எம் ஓசைகள்’ என்று ஒரு தொகுப்பு வாங்கினேன். நண்பர், இதெல்லாம் இலவசமாகச் சுற்றுவது என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1024 என்றாலே எனக்குச் சந்தேகம். டிஎக்ஸ்7 கோப்பு ஒன்றில் 32 ஓசை, அளவு 4104 பைட். 32 கோப்புகளை அள்ளிக் கட்டினால் 1024. ஒவ்வொன்றையும் டெக்செட்டில் திறந்து பெயர்களைப் பாருங்கள். ‘பிராஸ் 1’இல் தொடங்கி, பதினோராவதாக ‘இ.பியானோ 1’ இருந்தால் அது யமஹா 1983-இல் டிஎக்ஸ்7-ஓடு கொடுத்த தொகுப்பேதான். பெயரை மாற்றியிருந்தால் கேட்டே ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் பத்துப் பதினைந்து ஓசைகளைப் பட்டியலிட்டு, பணம் செலுத்திய ரசீதோடு விற்ற தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். விற்றவருக்கு முதலில் எழுதாதீர்கள், பக்கத்தை அழித்துவிட்டுப் போய்விடுவார். அந்த விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஆரம்பியுங்கள்.