ஃப்ளூ தடுப்பு மருந்து: ஊசியும் மூக்குத் தெளிப்பும்

கொளச்சல் வாசகர்: சென்ற ஆண்டு ஆனிச் சாரலுக்கு முன் போட்ட ஃப்ளூ ஊசி இந்த ஆண்டுக்கு ஏன் போதாது?

பதில்: ஊசி போட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் இரத்தத்தில் உச்சத்தை எட்டும் எதிர்ப்புப் பொருள் பின்னர் மெல்லச் சரிகிறது. அதற்குள் வைரஸும் தன் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொள்வதால், பழைய எதிர்ப்புப் பொருளால் அதைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் ஊசியில் சேர வேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது.

தக்கலை வாசகர்: மகள் இங்கிலாந்தில் செவிலியர். பேத்திக்குப் பள்ளியிலேயே மூக்கில் மருந்து தெளித்தார்களாம். அது ஊசிக்கு ஈடாகுமா?

பதில்: இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு. ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸின் கூறுகள். அவை கையின் தசையிலிருந்து அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்று, எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் பி செல்களைத் தூண்டி, இரத்தத்தில் சுற்றிவரும் ஐஜிஜி (IgG) வகை எதிர்ப்புப் பொருளைப் பெருக்குகின்றன. தெளிப்பில் இருப்பதோ உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் பெருகி, நுரையீரலின் வெப்பத்தில் முடங்கிப்போகும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். அது மூக்கின் சளிப்படலத்திலேயே சளிப்படலத்தைக் காக்கும் ஐஜிஏ (IgA) வகை எதிர்ப்புப் பொருளையும், தொற்றிய செல்களை அழிக்க உதவும் டி செல்களையும் எழுப்புவதால், இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள் குறைவாகத் தெரிந்தாலும் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்று கொள்ளக்கூடாது. பலமுறை ஃப்ளூ கண்ட பெரியவர்களின் மூக்கில் முன்பே இருக்கும் எதிர்ப்பு, தெளித்த வைரஸைப் பெருகவிடாமல் தடுத்துவிடக்கூடும். எனவே இது பிள்ளைகளுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

மார்த்தாண்டம் வாசகர்: எழுபது கடந்த தந்தைக்குத் தனி ஊசி உண்டா?

பதில்: உண்டு. முதுமையில், டி செல்கள் முதிர்ச்சியடையும் நெஞ்சுப்பகுதி உறுப்பான தைமஸ் சுருங்கிப் புதிய டி செல்கள் அருகிவிடுவதால், வழக்கமான ஊசிக்கு உடல் மந்தமாகவே பதிலளிக்கிறது. அதை ஈடுகட்ட, ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 60 மைக்ரோகிராம் புரதம் கொண்ட ஊசியும், ஸ்குவாலீன் எண்ணெய் கலந்து தூண்டுதலைக் கூட்டும் ஊசியும் சில நாடுகளில் வழங்கப்படுகின்றன. அவை கிடைக்கவில்லையென்றால் சாதாரண ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

குலசேகரம் வாசகர்: ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிறேன். ஊசி போட்ட மறுநாள் மேல்வலியும் காய்ச்சலும் வந்தன. ஊசியே ஃப்ளூவைத் தந்துவிட்டதா?

பதில்: இல்லை, செயலிழந்த வைரஸால் நோய் உண்டாக்க முடியாது. நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும்போது சுரக்கும் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்களே அந்த வலிக்கும் காய்ச்சலுக்கும் காரணம். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், ஈரத் தோட்டத்தில் நடப்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி எலிக்காய்ச்சலுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.