ஃபெல்லோ தகுதியும் கொஞ்சம் கூச்சமும்

வணக்கம் டாக்டர்,

கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்க உளவியல் சங்கம் சிறந்த பங்களிப்புக்காகத் தன் உறுப்பினர்களுக்குத் தரும் ஃபெல்லோ தகுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி என் சீனியர் நச்சரிக்கிறார். என்ன சாதித்தேன் என்று நானே எழுத வேண்டுமாம். தம்பட்டம் அடிப்பது போல் இருக்கிறது. குடிநோயாளிகளின் மனைவிமாருக்காக நானும் நண்பர்களும் தமிழில் ஒரு குழு சிகிச்சைக் கையேடு உருவாக்கினோம். மற்றபடி நோயாளிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. இது போதுமா, விட்டுவிடலாமா?

க., செந்தூல்

அன்புள்ள க.,

விட்டுவிட வேண்டாம். ஆனால் முதலில் உங்கள் உறுப்பினர் வகையைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் அஃபிலியேட்டாக, அதாவது முழு உறுப்பினர் அல்லாத இணைப்பு உறுப்பினராக, சேர்ந்திருப்போம். அதிலிருந்து நேரே ஃபெல்லோ ஆக முடியாது. முழு உறுப்பினராகக் குறைந்தது ஓராண்டு இருந்திருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பின் 5 ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். அது உங்களிடம் தாராளமாகவே இருக்கிறது.

அப்புறம், சங்கத்தின் பிரிவுகளில் ஒன்று உங்களை முன்மொழிய வேண்டும். 50க்கும் மேற்பட்ட பிரிவுகள் உண்டு. 12ஆவது கிளினிக்கல் உளவியல், 52ஆவது சர்வதேச உளவியல். பிரிவுக்குப் பிரிவு எதிர்பார்ப்பும் கெடுவும் மாறும். உங்கள் கையேட்டின் அருமை எங்கே புரியுமோ அங்கே போங்கள். எனக்கென்னவோ 52தான் தோதாகப் படுகிறது.

இப்போது 'போதுமா' என்ற கேள்வி. 11 ஆண்டு நோயாளிகளைப் பார்த்ததை மட்டும் காட்டினால் கிடைக்காது. அது பெரிய உழைப்புதான், ஆனால் சங்கம் தேடுவது வேறு: உளவியல் துறைக்கு அசாதாரணமான பங்களிப்பு, அதன் தாக்கமும் உள்ளூரையும் மாநிலத்தையும் தாண்டித் தெரிய வேண்டும். உங்கள் கையேடு மருத்துவமனை அலமாரியில் மட்டும் இருந்தால் நல்ல வேலை, அவ்வளவுதான். பட்டர்வொர்த்தில் ஒருவரும் ஜொகூரில் ஒருவரும் உங்களைக் கேட்காமலே அதை எடுத்து நடத்துகிறார்களா? சென்னையில் யாராவது அதை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் அதைத்தான் முதல் பத்தியில் எழுத வேண்டும். பணிமூப்பு, கருத்தரங்குச் சான்றிதழ் எல்லாம் பின்னால் வரட்டும்.

ஏற்கெனவே ஃபெல்லோவாக இருக்கும் மூன்று பேராவது உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். 'நல்லவர், கடும் உழைப்பாளி' என்று அவர்கள் எழுதினால், அது கோயில் கமிட்டி ஆண்டுவிழாப் பாராட்டுரை மாதிரி: காதுக்கு இனிமை, காரியத்துக்கு ஆகாது. உங்கள் வேலையால் எங்கே, யாருடைய நடைமுறை மாறியது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கான விவரங்களை நீங்கள்தான் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமில்லை. ஆதாரத்தைக் காட்டுகிறீர்கள், தம்பட்டம் அடிக்கவில்லை.

இன்னொன்று, 'நானும் நண்பர்களும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பண்பான வழக்கம்தான், ஆனால் தேர்வுக் குழுவுக்கு உங்கள் பங்கு எது என்று தெரிந்தாக வேண்டும். குழு அமர்வுகளை வடிவமைத்தது நீங்களா, களத்தில் சோதித்தது நீங்களா? அதைப் பிரித்து எழுதுங்கள். நண்பர்கள் பங்கையும் நேர்மையாகக் குறிப்பிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

இந்த ஃபெல்லோ தகுதியால் இங்கே தொழில் நடத்தும் உரிமை எதுவும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டம், அதாவது துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம், இருக்கிறது. உங்கள் நோயாளிகளுக்கு முக்கியம் அதன்படியான பதிவுதான். ஃபெல்லோ என்பது சக உளவியலாளர்கள் தரும் மதிப்பு.

படிவத்தை நிரப்பும் முன், பொருத்தமான பிரிவின் ஃபெல்லோ ஒருவரிடம் உங்கள் விவரக்குறிப்பைக் காட்டி, நேரம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். இன்னும் இரண்டு வருடம் பொறு என்றால் சரி, பொறுங்கள். அதற்குள் கையேட்டை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இங்கே பினாங்கில் அதை நடத்தக்கூடியவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.