கிலோ காசு, ஓவர்டைம், அட்வான்ஸ்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

நீலகிரியில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் செக்ரோல் (எஸ்டேட்டில் ஆள் வருகையும் கூலியும் பதியும் பேரேடு) கணக்கோடு மல்லுக்கட்டியவன் நான். சம்பளம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்தவற்றில் சில இங்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1948-ம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. "புதுச் சட்டம் வந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் கேட்க முடியாது" என்று எஸ்டேட்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய்.

பந்தலூரிலிருந்து ஓர் அக்கா: அண்ணா, தேயிலைக் கொழுந்து குறைவான நாட்களில் சொன்ன கிலோ வரவில்லை என்று அரை நாள் சம்பளம்தான் போடுகிறார்கள். சரியா?

சரியில்லை அக்கா. உங்களுக்கு அரசு நிர்ணயித்திருப்பது நாள் கூலி. வேலையைக் கிலோ கணக்கில் வாங்கினாலும், அந்த நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அதிகம் பறித்தால் கிலோ காசு அதற்கு மேலே சேர வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: பத்து மணிக்கே "இன்று வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பினாலும் முழு நாள் கூலி உண்டு, ஏனென்றால் வேலை கொடுக்காதது அவர்கள்தான். நீங்களாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினால் கதை வேறு. எடை போடும் இடத்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் தினமும் குறித்து வையுங்கள். நான் பார்த்த தகராறுகளில் பாதி அந்தத் தராசடியில் ஆரம்பித்தவைதான்.

குன்னூர் தேயிலை ஃபாக்டரி தம்பி: கொழுந்து வரத்து அதிகமானால் மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்கிறோம். 100 ரூபாயும் டீயும் தருகிறார்கள்.

டீயை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். கணக்குக்காக நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரம்தான் ஒரு நாள் வேலை. அப்படியானால் மணிக்கு 60. ஓவர்டைம் இரட்டிப்பு, மணிக்கு 120. மூன்று மணி நேரத்துக்கு 360. ஒரு நாளைக்கு 260 ரூபாய் உங்களுக்குப் பாக்கி. உங்கள் சம்மதம் இல்லாமல் ஓவர்டைமில் நிறுத்தவும் முடியாது.

ஊட்டி காட்டேஜ் ஊழியர்: மே மாத சீசனில் ராத்திரி பதினொன்று வரை வேலை. மாதச் சம்பளக்காரனுக்கு ஓவர்டைம் கிடையாது என்கிறார் முதலாளி. சீசன் முடிந்ததும் நின்றுவிடப் போகிறேன்.

உண்டு. மாதச் சம்பளத்தை நாளாகவும் மணியாகவும் பிரித்து இரட்டிப்பாகத் தர வேண்டும். சீசன் முடிந்ததும் நின்றுவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். நின்ற நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியை முடிக்க வேண்டும்.

கேத்தியிலிருந்து: விடியுமுன் கேரட் தோண்டி மேட்டுப்பாளையம் லாரிக்கு ஏற்றுகிறோம். எங்களை வேலைக்குக் கூட்டி வந்து, எங்கள் கூலியையும் வாங்கிய மேஸ்திரி ஆளைக் காணோம். தோட்டக்காரர் "நான் கொடுத்துவிட்டேன்" என்கிறார்.

மேஸ்திரி தராவிட்டால் தோட்டக்காரர்தான் தர வேண்டும். மேஸ்திரியை அவர் தேடிக்கொள்ளட்டும்.

கோத்தகிரி சிறு விவசாயி: ஐயா, எனக்கு இரண்டு ஏக்கர். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் நான் எங்கே போவது? ஆள் கூலியைக் குறைக்கக் கூடாதா?

உங்கள் கஷ்டம் தெரியும். என் மாமனாரும் இதே புலம்பல்தான். ஆனால் முதலாளியால் கொடுக்க முடியுமா என்பது குறைந்தபட்சக் கூலியில் கணக்கே இல்லை. கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே இதைச் சொல்லிவிட்டது. விலைக்காகப் போராடினால் நானும் வருகிறேன். கூலியில் கை வைக்காதீர்கள்.

சேரம்பாடி பக்கம் ஜார்கண்டிலிருந்து வந்த தம்பி (பக்கத்து லைன் வீட்டு அண்ணன் எழுதித் தந்தது): அட்வான்ஸ் வாங்கியபோது வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்களாம். இரண்டு வருடம் ஆகிறது. இனிக் கேட்க முடியுமா?

கேட்கலாம் தம்பி. குறைந்த கூலிக்குச் சம்மதம் என்ற காகிதம் சட்டப்படி செல்லாது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-ல், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளி மாநிலம் என்பதாலும் கூலி குறையாது. பழைய சட்டத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். புதிய தொகுப்பில் 3 வருடம். குறைவாகத் தந்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போடவும் மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு உரிமை உண்டு. கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஆனால் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கமே உங்களுக்காக மனு போடலாம். வரும்போது அட்வான்ஸ் வாங்கிய தேதி, மாதம் கைக்கு வந்த தொகை, கூட வேலை பார்த்த இருவரின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். இந்தியில் எழுதினாலும் பரவாயில்லை, படிக்க ஆள் இருக்கிறது.