நாலு மீட்டர் ஆழம்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்கிறான். நேற்று நீச்சல்குளத்தில் 4 மீட்டர் ஆழத்தில் பயிற்சி. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறிப்போய் விருட்டென்று மேலே வந்துவிட்டான். இரண்டு மூன்று நிமிடத்தில் வலது கை மரத்து, பேச்சு குழறியது. அரை மணி நேரம் படுத்திருந்தான், சரியாகிவிட்டது. “இந்த ஆழத்தில் ஒன்றும் ஆகாது, பயத்தில் வந்தது” என்கிறார் பயிற்சியாளர். நாளை வகுப்புக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். இதைப் படித்த கையோடு அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கை இப்போது நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னாலும் சரி.

பயிற்சியாளர் சொன்னதில் பாதி சரி. டைவிங் விபத்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிற நோய். ஆழத்தில் கணிசமான நேரம் இருந்தால்தான் அது வரும். 4 மீட்டரில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் நான் சந்தேகப்படுவது அதை அல்ல, நுரையீரலை.

தண்ணீருக்கு அடியில் சிலிண்டரிலிருந்து மூச்சிழுக்கும்போது, அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ற காற்றுதான் உள்ளே போகிறது. 4 மீட்டரில் அது மேற்பரப்பைவிட 1.4 மடங்கு. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று 40 சதவீதம் விரிய முயலும். நிறைந்திருக்கிற நுரையீரலில் அதற்கு ஏது இடம்? காற்றுப்பைகள் கிழிந்து, குமிழிகள் ரத்தத்தில் நுழைந்து, இதயத்தின் இடப்பக்கம் வழியாக நேரே மூளைக்குப் போய்விடலாம். சுமார் 1.2 மீட்டர் ஆழமே இதற்குப் போதும். ஆழம் குறையக் குறையத்தான் காற்று விரியும் விகிதம் கூடுகிறது என்பதால், குளம் பாதுகாப்பானது என்ற எண்ணம் இந்த விஷயத்தில் மட்டும் தலைகீழ். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிற விதிதான். ஆனால் மூக்கில் தண்ணீர் ஏறினால் தொண்டை தானாக இறுகும்; அந்த நேரத்தில் விதி எங்கே ஞாபகம் வரும்? பாவம், தம்பியைக் குறை சொல்ல முடியாது.

மேலே வந்த 10 நிமிடத்துக்குள் மரத்துப்போதல், குழறல், மயக்கம், பார்வை மங்கல் என எது வந்தாலும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை காற்றுக் குமிழி மூளைக்குப் போயிருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். தானாகச் சரியாவதும் உண்டு, அப்புறம் மறுபடி மோசமாவதும் உண்டு. என் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது: “தண்ணீருக்கு அடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்தார், வேகமாக மேலே வந்தார், உடனே இப்படி ஆனது.” இதைச் சொல்லாவிட்டால் சாதாரணப் பக்கவாதம் என்ற திசையில்தான் யோசிப்பார்கள். மூளை சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் குமிழி இல்லை என்று ஆகாது. நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். நெஞ்சு வலி, குரல் மாற்றம், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்ற உணர்வு இருந்தால் அதையும் சொல்லுங்கள். டைவிங் மருத்துவம் தெரிந்தவரோடு பேசச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் உயரழுத்த ஆக்சிஜன் அறையில் சிகிச்சை தருவார்கள். வழக்கமான முறையில் 2.8 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தொடங்கி, ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். குமிழி சுருங்கும், பட்டினி கிடந்த திசுவுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. மருத்துவர் சொல்லும் வரை விமானப் பயணமும் வேண்டாம்.

நேற்று அங்கே என்ன செய்திருக்க வேண்டும்? மட்டமாகப் படுக்கவைத்தது சரி. ஆனால் உடனே 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும். ஆக்சிஜனில் தேறினாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். தலையைத் தாழ்த்திக் கால்களை உயர்த்துகிற பழைய வழக்கம் இப்போது இல்லை. சரிசெய்கிறேன் என்று மறுபடி தண்ணீருக்குள் இறக்குவது மகா தப்பு. மூச்சே நின்றிருந்தால் நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் தர வேண்டும்.

இனி டைவிங் செய்யலாமா என்பதை டைவிங் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நுரையீரலில் ஏற்கெனவே பலவீனமான இடம் இருக்கிறதா என்று நெஞ்சு சி.டி. எடுத்துப் பார்ப்பார். பயிற்சியில் சேரும்போது நிரப்பிய உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா பற்றிய கேள்விக்குத் தம்பி என்ன எழுதினார் என்றும் கேட்டுக்கொண்டு போங்கள். மருத்துவர் அதைக் கேட்பார்.